விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தென் மாவட்டத் திருச்சபைகளின் சேகரக் கமிட்டியாருக்கும், ஓய்வுநாள் பாடசாலைக் கண்காணிப்பாளர்களுக்கும், இந்தக் கோடையில் முதன்முறையாக வகுப்பெடுக்க முன்வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரையுள்ள இடைவெளியில், ஒரு சபை தன் ஊர்ப் பிள்ளைகளை நாள்தோறும் சில மணி நேரம் கூட்டிவைத்து, வேதாகமக் கதை, பாட்டு, மனனவசனம், கைவேலை, விளையாட்டு ஆகியவற்றின் வழியே கற்பிக்கும் ஏற்பாடே விடுமுறை வேதாகமப் பள்ளி. வி.பி.எஸ். என்ற மூன்றெழுத்தில்தான் அது ஊர்களில் வழங்குகிறது. பத்து நாள் நடத்துவது பழைய வழக்கம். இப்போது பல சபைகளில் ஐந்து முதல் ஏழு நாளில் முடித்துக்கொள்கிறார்கள். நாள் குறைந்ததால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. வகுப்பறையில் பிள்ளையோடு செலவாகும் நேரம் குறைந்ததுதான் நட்டம். பவனிக்கும் மேடைக்கும் பரிசுக்கும் இடம் விட்டுவிட்டுக் கதை சொல்லும் நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கிய பள்ளிகள் பல உண்டு.

இந்த ஏற்பாடு பிறந்த இடம் அமெரிக்கா. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1780இல், இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியிருந்தார். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாளில் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பது அவருடைய நோக்கம். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதாது என்ற குறை ஆசிரியர்களுக்கு நெடுங்காலம் இருந்தது. 1894இல் இல்லினாய் மாநிலத்தின் ஹோப்டேல் என்ற சிற்றூரில் மைல்ஸ் என்ற ஆசிரியை கோடை விடுமுறையில் சில வாரங்கள் நாள்தோறும் வேத வகுப்பு நடத்தினார். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, குடியேறிகளின் பிள்ளைகள் வெயிலில் தெருவெங்கும் அலைவதைக் கண்டு, ஒரு மதுக்கடைக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து அதையே பள்ளியாக்கினார். வேதக் கதை, பாட்டு, மனனம், கைவேலை, விளையாட்டு என்று இன்று நடக்கும் நிகழ்ச்சி நிரலின் எல்லா உறுப்புகளும் அந்தக் கூடத்தில் இருந்தன.

அதை இயக்கமாக்கியவர் ராபர்ட் பொவில். நியூயார்க் பாப்டிஸ்ட் மிஷன் சங்கத்தில் பொறுப்பிலிருந்த அவர் 1901 முதல் இந்தப் பள்ளிகளைப் பெருக்கினார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் ஆலயம், கையில் வேலை இல்லாமல் இருக்கும் கல்லூரி மாணவர், தெருவில் திரியும் பிள்ளை ஆகிய மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதே அவர் செய்த வேலை. திருநெல்வேலிச் சீமையின் எந்த ஊர் ஆலய வளாகத்துக்கு மே மாதம் போனாலும் இன்றும் இந்த மூன்றும்தான் நடக்கின்றன: ஆலயம் வாரநாளில் திறக்கிறது, கல்லூரி விடுமுறையில் ஊர் வந்த அக்காவும் அண்ணனும் ஆசிரியர் ஆகிறார்கள், பிள்ளைகள் வருகிறார்கள்.

தமிழ் மண்ணில் மிஷன் ஊழியம் முதலிலிருந்தே பிள்ளைகளையும் பள்ளியையும் பற்றிக்கொண்டு வளர்ந்தது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு அடுத்த ஆண்டே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், சபை உண்டான ஊர்களிலெல்லாம் பள்ளியையும் உண்டாக்கினார். ஆகவே வி.பி.எஸ். இங்கு வந்தபோது புதுமையாகத் தோன்றவில்லை. கட்டடம் இருந்தது, கரும்பலகை இருந்தது, பிள்ளையை அனுப்பும் பழக்கமும் பெற்றோரிடம் இருந்தது.

நாள் குறிப்பதில் முதல் கணக்கு ஈஸ்டர். அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எந்த ஞாயிறிலும் வரலாம். தவக்காலக் கூட்டங்களும் பரிசுத்த வாரமும் முடிவதற்குள் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினால் யாருக்கும் கவனம் இருக்காது. இரண்டாவது கணக்கு வெயில். மே முதல் வாரத்தில் தொடங்கும் கத்திரி வெயில் மாதக் கடைசி வரை நீள்கிறது. ஓட்டுக் கூரையோ தகரக் கொட்டகையோ போட்ட வகுப்பில் பதினொன்றரை மணிக்கு மேல் பிள்ளைகளை உட்காரவைப்பது வீண். காலை எட்டுக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடிப்பது ஒன்பதரைக்குத் தொடங்கி ஒரு மணி வரை இழுப்பதைவிட எவ்வளவோ மேல். மூன்றாவது கணக்கை வெளியூர்க்காரர் அறியமாட்டார்: சபையார் கூடி விருந்துண்ணும் ஊரின் அசனப் பண்டிகை. அசனம் நடக்கும் வாரத்தில் சென்னை, கோவை, மும்பை என்று பிழைக்கப் போன குடும்பங்களெல்லாம் ஊர் திரும்பும். அந்த வாரத்தை ஒட்டி வி.பி.எஸ். வைத்தால் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். அசனத்தோடு சேர்த்தே வைத்தால், ஆசிரியர்களில் பாதிப்பேர் அண்டாவுக்கும் பந்திக்கும் போய்விடுவார்கள்.

பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பிகினர், பிரைமரி, ஜூனியர், சீனியர் என்று பெயர்கள் சபைக்குச் சபை சற்று மாறும். நான்கு வயதுப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரக் கூடாது என்பதுதான் பொருள். கவனிக்க வேண்டியது வகுப்பின் அளவு. ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் அவருக்கு எல்லாருடைய பெயரும் தெரியாமலே ஐந்து நாள் ஓடிவிடும். பெயர் தெரியாத ஆசிரியர் "ஏ பச்சைச் சட்டை" என்று கூப்பிடுவார். மறுநாள் சட்டை மாறிவிடும்.

ஆசிரியர் தயாரிப்புதான் முழுப் பள்ளியின் அச்சாணி. பாடப்புத்தகம் தலைமையிடத்திலிருந்து வரும். ஒரு நாள் பயிற்சி முகாமும் நடக்கும். அந்த முகாமில் பாட்டும் அசைவும் சொல்லித்தரப்படும் அளவுக்குக் கதை சொல்லிப் பார்க்கும் பயிற்சி நடப்பது அரிது. விளைவு, முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார். வாசிக்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் மூன்று நிமிடம் பொறுப்பார்கள். கதையை மனத்தில் வாங்கி, புத்தகத்தை மூடிவைத்து, பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துச் சொல்கிறவருக்கு முன்னால் அவர்கள் அரை மணி நேரம் அசையாமல் இருப்பார்கள். இதற்குப் பிறவித் திறமை தேவையில்லை. பள்ளி தொடங்குவதற்கு முந்தின இரண்டு வாரத்தில், மாலை நேரத்தில் ஆசிரியர்கள் ஆலயத்தில் கூடி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதையை மற்றவர்கள் முன் சொல்லிப் பார்ப்பதும், கேட்டவர்கள் எங்கே புரியவில்லை என்று சொல்வதும் போதும்.

நல்ல சமாரியன் கதையை எடுத்துக்கொள்ளலாம். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் உள்ள இந்தக் கதை வி.பி.எஸ். பாடங்களில் அடிக்கடி வருவது. அடிக்கடி வருவதாலேயே ஏனோதானோ என்று சொல்லப்படுவதும்கூட. "ஒரு மனுஷன் போனான், கள்ளர் அடித்தார்கள், ஒருவர் உதவினார், நாமும் உதவ வேண்டும்" என்று நான்கு வரியில் முடிந்துவிடும். தயாரித்த ஆசிரியர் முதலில் அந்த வழியைக் காட்டுவார். எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் மேலே. எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே. இரண்டுக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, ஒரு நாள் நடையில் ஆயிரம் மீட்டர் இறங்கும் மலைப்பாதை. இரு பக்கமும் வெறும் பாறை, நிழல் இல்லை, ஆள் இல்லை. மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறியிறங்கிய பிள்ளைக்கு இது சட்டென்று விளங்கும். தேரிக்காட்டில் தனியாக நடந்த பிள்ளைக்கு அந்த அச்சமும் விளங்கும்.

பிறகு ஆசாரியனும் லேவியனும் வருகிறார்கள். அவர்களைக் கெட்டவர்களாக வரைவது எளிது; அப்படி வரைந்தால் கதை தட்டையாகிவிடும். அவர்கள் ஆலயத்தில் பணிசெய்கிறவர்கள், ஊரில் மதிப்பானவர்கள், பிள்ளைகளின் சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர்களைப் போன்றவர்கள். அவர்கள் விலகிப் போனது ஏன் என்று பிள்ளைகளிடமே கேட்கலாம். "பயந்திருப்பாங்க", "நேரமாயிருக்கும்", "அழுக்கு பட்டுரும்னு" என்று விதவிதமாகப் பதில் வரும். பெரியவர்கள் சொல்லும் விளக்கங்களுக்கு இவை எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

கடைசியில் சமாரியன். தமிழ்ப் பிள்ளைக்குச் சமாரியன் என்ற பெயரில் ஒரு குறையும் இல்லை. அது ஒரு மருத்துவமனையின் பெயர், ஒரு பள்ளியின் பெயர், நல்லவருக்கு இன்னொரு பெயர். கதையைக் கேட்ட யூதருக்கோ அந்தப் பெயர் காதில் விழுந்ததும் முகம் சுளித்திருக்கும். இரு கூட்டத்தாரும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடியாதவர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கதையின் முள் போய்விடும். சொன்னாலோ ஊரில் எந்தத் தெருவும் எந்தத் தெருவும் அப்படி இருக்கின்றன என்பது பிள்ளைகளுக்குத் தாமே தெரிந்துவிடும். ஆசிரியர் சாதிப் பெயர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வகுப்புகளைத் தெருவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டோ, காலனிப் பிள்ளைகளுக்குத் தனி வி.பி.எஸ். நடத்திக்கொண்டோ இந்தக் கதையைச் சொல்வது வீண் வேலை. வண்டி வசதி இல்லை, தூரம் அதிகம் என்று சொல்லப்படும் காரணங்கள் சில ஊர்களில் உண்மை. சில ஊர்களில் இல்லை. எது எது என்பதைக் கமிட்டியார் அறிவார்கள்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இவ்வளவும் வேண்டாம். நான்கு ஐந்து வயதில் கதையின் நாயகன் கழுதை. காயம்பட்டவரைத் தூக்கிக் கழுதைமேல் ஏற்றுவதும், சத்திரம் வரை கழுதை மெல்ல மெல்ல நடப்பதும் அவர்களுக்குப் போதும். அவர்களையே கழுதையாக நடக்கவிட்டால் கதை மறக்காது.

படங்கள், கைப்பொம்மை, கம்பளித் துணிப் பலகையில் ஒட்டி எடுக்கும் உருவங்கள் ஆகியவை கதைக்குத் துணை. பழைய கருவிகளில் எழுத்தில்லாப் புத்தகம் ஒன்று. இங்கிலாந்துப் போதகர் ஸ்பர்ஜன் 1866இல் மூன்று நிறப் பக்கங்களை வைத்துப் பேசியதிலிருந்து அது வளர்ந்தது; பின்னால் பொன் நிறமும் பச்சையும் சேர்ந்தன. கைக்கு அடக்கமானது, மின்சாரம் கேட்காதது. ஆனால் அதில் கறுப்பு பாவத்தின் நிறம், வெள்ளை தூய்மையின் நிறம் என்று வரும் இடத்தில், முக்கால்வாசிப் பிள்ளைகள் கறுத்த நிறமாக இருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டும். இருட்டு என்று சொன்னால் போதும். நிறத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். புரொஜெக்டரும் கார்ட்டூன் படமும் இருக்கிற சபைகளில் அவற்றைக் காட்டலாம், ஆனால் வீட்டில் செல்போன் பார்க்காத பிள்ளை இன்று இல்லை. ஒரு மனிதர் தன் எதிரே உட்கார்ந்து கதை சொல்வதுதான் அதற்குக் கிடைக்காமல் போனது. மாயவித்தை காட்டிப் பாடம் நடத்தும் முறையில் ஒரு ஆபத்து உண்டு: மறுநாள் கேட்டால் வித்தை நினைவிருக்கும், பாடம் இருக்காது.

மனனவசனம் எல்லா ஊரிலும் நடப்பது. சரியாக நடப்பது சில ஊர்களில். வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பையே தென் மாவட்டச் சபைகள் பெரும்பாலும் வாசிக்கின்றன. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் சில வீடுகளில் உண்டு. வசனம் எந்த மொழிபெயர்ப்பில் சொல்லப்பட வேண்டும் என்பது முதல் நாளே முடிவாக வேண்டும். இல்லாவிட்டால் பரிசு நாளில் பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் இப்போது எழுந்திருக்கிறது. விடுமுறைக்கு நகரத்திலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. வசன அட்டையைக் கையில் கொடுத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். வெட்கத்தில் மறுநாள் வரமாட்டார்கள். உள்ளூரிலேயே மெட்ரிக் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பலரும் இதே நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பது சுலபமான வழி, நல்ல வழியல்ல. காதால் கேட்டு வாயால் சொல்லும் முறையில் சொல்லித்தந்தால் வாசிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேறுபாடே தெரியாது.

அந்த முறை பழையது. வசனத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி எல்லாரும் சேர்ந்து இரண்டு முறை சொல்வது. பிறகு ஒரு பிள்ளையை அழைத்து விருப்பமான ஒரு சொல்லை அழிக்கச் செய்வது. அழிந்த இடத்தையும் சேர்த்து முழு வசனத்தையும் மறுபடி எல்லாரும் சொல்வது. ஒவ்வொரு பிள்ளையாக வந்து ஒவ்வொரு சொல்லாக அழித்து, கடைசியில் பலகை வெறுமையாகும்போது வசனம் எல்லார் வாயிலும் இருக்கும். பத்து நிமிடம்கூட ஆகாது. அழிக்கும் ஆசைக்காகவே பிள்ளைகள் கையைத் தூக்குவார்கள். பொருள் தெரியாத ஒரு சொல்லையாவது எந்த வசனமும் வைத்திருக்கும். அதைச் சொல்லி முடித்த பிறகல்ல, தொடங்குமுன் விளக்கிவிட வேண்டும். மனனத்துக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தில், எல்லா ஆண்டும் அதே நான்கு பிள்ளைகள் பரிசு வாங்குவதைக் காணலாம். வகுப்பு முழுதும் சேர்ந்து சொன்னால் வகுப்புக்கே ஒரு பரிசு என்று வைத்தால், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்.

பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் புதுப் பாட்டுகள் வருகின்றன; பிள்ளைகள் ஆசிரியரைவிட வேகமாகப் படித்துக்கொள்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு புதுப் பாட்டு போதும். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தால் பிள்ளைகளின் குரல் கேட்கும்; பிள்ளைகள் பாடுகிறார்களா, வெறுமனே குதிக்கிறார்களா என்பதும் அப்போது தெரியும்.

கைவேலைக்கான பொருள்கள் கடையிலிருந்து வாங்கி வரப்படுகின்றன: மினுமினுப்புத் தாள், தெர்மோகோல், ஐஸ் குச்சி, பசைக் குழாய். பனங்காட்டுச் சீமையில் இதற்குத் தேவையே இல்லை. குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்டிய கை இன்னும் ஊரில் இருக்கிறது. ஓலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, கிளி, சிறு பெட்டி எல்லாம் முடையத் தெரிந்த பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். பல ஊர்களில் அது ஒரு பாட்டி. அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து உட்காரவைத்தால் செலவு இல்லை. குழந்தை மோசேயை வைத்த நாணற்பெட்டியை ஓலையில் முடைந்து, உள்ளே களிமண் பூசி, தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாம். யாத்திராகமக் கதையில் தாய் அந்தப் பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசியது ஏன் என்று விளக்கிச் சொல்லத் தேவை இருக்காது. பூசாத பெட்டி கண்முன்னே மூழ்கும். கைவேலை அன்றைய கதையோடு சேர்ந்திருந்தால் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் காட்டும்போது கதையையும் சேர்த்துச் சொல்லும். தொடர்பில்லாத பூச்சாடியோ பேனாத் தாங்கியோ செய்து கொடுத்தால் அது பேனாத் தாங்கியாக மட்டும் இருக்கும்.

பிற மதத்துப் பிள்ளைகள் வருவது வி.பி.எஸ். நடக்கும் எல்லா ஊரிலும் இயல்பு. பக்கத்து வீட்டுத் தோழியோடு வரும், பாட்டுச் சத்தம் கேட்டு வரும், சுண்டலுக்கும் வரும். வருவதில் தவறில்லை, அவர்களை நடத்தும் முறையில்தான் சபையின் நேர்மை தெரியும். ஒரு பிள்ளையும் பெற்றோர் அறியாமல் வகுப்பில் உட்காரக் கூடாது. என்ன சொல்லித்தரப்படுகிறது என்பதை எழுதிய ஒரு தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்குவது எல்லாப் பிள்ளைக்கும் பொது விதியாக இருக்க வேண்டும். இந்துப் பிள்ளைக்கு மட்டும் தனிப் படிவம் என்றால் அது வேறு மாதிரித் தோன்றும். இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் சிறார் மதபோதனையில் கலந்துகொள்ளப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது. வி.பி.எஸ். அத்தகைய பள்ளி அல்ல என்றாலும், பல ஊர்களில் அது நடப்பது மிஷன் பள்ளிக் கட்டடத்தில். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, பிள்ளை பெற்றோருடையது என்ற எண்ணம் அந்தத் தாளில் இருக்கிறது.

விபூதியோ பொட்டோ வைத்து வரும் பிள்ளையிடம் அதை அழிக்கச் சொல்வது, வீட்டில் கும்பிடும் சாமியைக் கேலி செய்வது, "நாளைக்கு இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தால் பென்சில் பெட்டி" என்று ஆசை காட்டுவது ஆகிய மூன்றும் இன்றும் சில ஊர்களில் நடக்கின்றன. இவை நிற்க வேண்டும். அதேபோல, நான்காம் நாள் எல்லாரையும் கண் மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்று கேட்டு, தூக்கிய கைகளை எண்ணி அறிக்கையில் எழுதுவதும் நிற்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று கை தூக்கும், பக்கத்துப் பிள்ளை தூக்கியதால் தூக்கும், அடுத்த ஆண்டும் தூக்கும். அந்த எண்ணிக்கையில் யாருக்கும் பயன் இல்லை. கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தால் போதும்.

பாதுகாப்பு குறித்துச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2012இல் வந்த போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாத எல்லாரும் குழந்தை. அப்படிப் பார்த்தால், பிளஸ் டூ முடித்துவிட்டு ஆசிரியராக வரும் பதினேழு வயதுத் தம்பியும் குழந்தைதான். அவரை மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில் வைத்திருப்பது அவருக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது. பாலியல் கொடுமை நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ தெரியவந்தால் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது 19ஆம் பிரிவின்படி கடமை, மறைப்பது குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. "சபைக்குக் கெட்ட பேர் வரும், நமக்குள்ளே பேசி முடித்துக்கொள்வோம்" என்ற பழைய வழி சட்டத்தின் முன் செல்லாது. பிள்ளையின் முன்னும் செல்லாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளின் கண்ணுயரத்தில் ஒட்டிவைக்க வேண்டும்.

அன்றாட ஏற்பாடுகள் இதைவிட எளிது. எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் தனியாக இருப்பதில்லை. கழிப்பறைக்குச் சிறு பிள்ளைகள் இரண்டிரண்டாகப் போவார்கள். வாசலில் அக்கா ஒருவர் நிற்பார். ஆலய வளாகத்துக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் மூடியிருக்கின்றனவா என்பதைத் தொடக்க நாளுக்கு முன்பே போய்ப் பார்ப்பது கமிட்டியாரின் வேலை. முடிந்து போகும்போது பிள்ளையை யார் அழைத்துப்போகிறார்கள் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். "மாமா வந்திருக்காங்க" என்று பிள்ளை சொன்னால் அந்த மாமாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அடிப்பது கிடையாது, முட்டி போடவைப்பதும் கிடையாது. பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடுமுன் பெற்றோரைக் கேட்க வேண்டும், அதுவும் சம்மதத் தாளிலேயே ஒரு வரியாக இருக்கலாம். மோர், தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஒரு துறையில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பவனி பலருக்குப் பிடித்தது. கொடி பிடித்துக் கோஷம் போட்டுத் தெருத்தெருவாகப் பிள்ளைகள் நடப்பதைப் பார்க்க ஊரே வாசலில் நிற்கும். அதை மாலை மூன்று மணிக்கு, தார் உருகும் வேளையில் நடத்துவதுதான் கொடுமை. காலை ஏழு மணிக்கு நடத்தலாம், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. பிளாஸ்டிக் கொடியும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்கள். ஆலயக் கொடியாக இருந்தாலும் தடை தடைதான். துணிக் கொடி அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

நிறைவு விழாதான் பணத்தையும் நேரத்தையும் விழுங்குவது. மூன்றாம் நாளே வகுப்பை நிறுத்திவிட்டு நாடக ஒத்திகைக்கும் நடனத்துக்கும் போய்விடும் பள்ளிகளில், ஐந்து நாள் பள்ளி உண்மையில் இரண்டு நாள் பள்ளி. பிள்ளைகள் வகுப்பில் படித்த பாட்டையே பாடட்டும், கேட்ட கதையையே தங்கள் வார்த்தையில் சொல்லட்டும், ஒத்திகை தேவைப்படாது. சிறப்பு விருந்தினரின் நீண்ட பேச்சு, சால்வை, நன்றி நவிலல் முதலியவை பெரியவர்களின் விழாவுக்குரியவை. வந்த எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியான ஒரு சிறு பொருளும், வயிறு நிறையச் சாப்பாடும் போதும். மேடை அலங்காரத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு வார மாலைப் பயிற்சியின்போது காபியும் பலகாரமும் வாங்கலாம்.

பள்ளி முடிந்த அடுத்த ஞாயிறே பதிவேடு ஓய்வுநாள் பாடசாலைக் கண்காணிப்பாளர் கைக்குப் போக வேண்டும். அதில் வருகைக் கோடுகளோடு, ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்புகளும் இருப்பது நல்லது: எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது, எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் கண்ணாடி தேவைப்படுகிறது, எந்தப் பிள்ளை மூன்றாம் நாளோடு நின்றுபோனது. நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போய் வர வேண்டும். காய்ச்சலாக இருக்கலாம், வகுப்பில் யாரோ பழித்திருக்கலாம், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்கலாம். வந்த பிள்ளைகளைவிட இவர்களிடமிருந்துதான் பள்ளியின் குறை தெரியவரும். ஆசிரியர் கூட்டம் ஒன்றை ஜூனில் பள்ளிகள் திறப்பதற்குள் நடத்திவிட வேண்டும், ஏனென்றால் அதன்பின் கல்லூரிப் பிள்ளைகள் ஊரில் இருக்கமாட்டார்கள். வரவு செலவுக் கணக்கும் பெற்றோர் சம்மதத் தாள்களும் சேகரக் கமிட்டியில் ஒப்படைக்கப்பட வேண்டும். கதைகளுக்காக ஆசிரியர்கள் எழுதிய குறிப்பேடுகளையும் துணிக் கொடிகளையும் ஆலய அலமாரியில் பூட்டி வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அந்தக் கூட்டக் குறிப்பிலேயே எழுதிவிடலாம்.